வாலிபர் ஊழியர் ஊரிலிருந்து வருகிறார்: வேலை அனுமதி தவிர சபை எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

செயலர்_சபை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபைக்கு, வாலிபர் ஐக்கியத்தைக் கவனிக்க, ஜனவரியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாலிபர் ஊழியர் வருகிறார். வயது 26, வேதாகமக் கல்லூரி முடித்தவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) எடுக்க யோசனை. வாலிபர் ஐக்கியத்தில் இங்கே பிறந்து வளர்ந்த மாணவர்களும் இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளும் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

செயற்குழுவில் பேச்செல்லாம் சம்பளம், லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை), விமான டிக்கெட் என்றே போகிறது. வருகிறவர் யாரோடு பழகுவார், யாரிடம் மனம்விட்டுப் பேசுவார், குடும்பம் எப்படி அமையும் என்று யாரும் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் நடைமுறையாகச் சொல்லுங்கள்.

ஜெயா_பெட்டோக்

சம்பளத்தை ஒதுக்கிவிட்டு உறவைப் பேச முடியாது, ஐயா. சபைக்கும் ஊழியருக்கும் முதல் விரிசல் அங்கேதான் விழுகிறது.

எஸ் பாஸ் தகுதிச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து மாதம் 3,300 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்குகிறது. அது மிக இளையவர்களுக்கான வரம்பு. 26 வயதுக்காரருக்கு அதற்கு மேல் வரும், மனிதவள அமைச்சின் இணையக் கணிப்பானில் வயதைப் போட்டுப் பாருங்கள். லெவி மாதம் 650 வெள்ளி. அதைச் சபைதான் கட்ட வேண்டும், அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடுதான் எஸ் பாஸ் இருக்கலாம். உங்களிடம் முழுநேர உள்ளூர் ஊழியர் நான்கைந்து பேர்தான் என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். டிக்கெட் பேசுமுன் தலையை எண்ணுங்கள்.

இனி முக்கியமானது. விண்ணப்பத்தில் ஒரு தொகை எழுதிவிட்டு, "ஊழியம்தானே, தியாகம்தானே" என்று கையில் குறைத்துக் கொடுப்பது சில இடங்களில் நடக்கிறது. அது பொய் அறிவிப்பு: 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு வாலிபர்களிடம் உண்மையைப் பற்றி அவர் எப்படிப் பிரசங்கிப்பார்? முழுச் சம்பளமும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தசமபாகத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டாம். கொடுப்பது அவருக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம்.

எஸ் பாஸ்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அவருக்கு மத்திய சேமநிதி (உள்ளூர் ஊழியர்களுக்கான கட்டாயச் சேமிப்பு) கிடையாது, எனவே சேமிப்புக்கு என்ன வழி என்று வந்த முதல் மாதமே யாராவது அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஊரில் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான கணக்கு) மாற்றச் சொல்லுங்கள். இது பலருக்கும் விட்டுப்போகிறது.

மணி_ஜுரோங்

தங்குமிடம் பற்றி. சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறை கொடுத்தால் செலவு மிச்சம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம் என்பேன். எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு போனில் பேசினார், காலையில் ஜெபித்தாரா தூங்கினாரா என்பதெல்லாம் ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளையே வாலிபர் ஐக்கியத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. அந்தப் பிள்ளை வீட்டைப் பற்றி அவரிடம் எதையும் சொல்லாது, மற்றப் பிள்ளைகள் "அவர் அவங்க வீட்டு ஆளு" என்று ஒதுங்கிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பொது அறை, அதாவது தனிக் குளியலறை இல்லாத படுக்கையறை, இடத்தைப் பொறுத்து ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும், உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்று ஊழியரின் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: மாதம் 1,000 வீதம் ஓராண்டுக்கு 48 வெள்ளி, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பதிவு செய்யாமல் "சும்மா இருங்க தம்பி" என்பவர்களிடம் போகவே கூடாது. சமைக்கலாமா என்று முன்பே கேளுங்கள். "லைட் குக்கிங் மட்டும்" என்றால் மீன் குழம்பு இல்லை என்று அர்த்தம்.

ரூத்_ஈசூன்

மணி அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஊரில் கூட்டுக் குடும்பத்தில் இருந்தவரை முதல் நாளே தனி அறையில் விட்டால், வேலை முடிந்து கதவைச் சாத்திய பிறகு ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. முதல் மூன்று மாதம் மட்டும், பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட ஒரு மூத்த தம்பதி வீட்டில் இருக்கட்டும். அந்த வீட்டில் செயற்குழு உறுப்பினர் யாரும் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகு தனி அறை என்பதை எழுத்தில் போட்டுவிடுங்கள். எழுதாவிட்டால் மூன்று மாதம் மூன்று வருடமாகும், பிறகு வெளியே போகிறேன் என்று சொன்னாலே மனத்தாங்கல்.

சாம்_கிளமெண்டி

விடுப்பு நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. வழக்கமாகச் சபை ஊழியர்களுக்குத் திங்கள் விடுப்பு. அன்று அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் வேலையிலும் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும் வெள்ளி இரவு, சனி, ஞாயிறு மூன்றும் இவருக்கு உழைப்பு நாள். இந்த ஊரில் அவருக்கு நண்பர்கள் அமையாமல் போவதற்குக் கூச்ச சுபாவத்தைவிட இந்த அட்டவணைதான் காரணம்.

இதற்கு இரண்டு காரியம் பலன் தரும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழு நாள் அவருக்கு விடுப்பு, அன்று இசைப் பயிற்சியைக்கூட வேறொருவர் பார்க்கட்டும். அடுத்தது, மற்றச் சபைகளின் ஊழியர்களுக்கும் திங்கள்தான் விடுப்பு. மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்றே இம்மானுவேல் தமிழ் மாநாடு இருக்கிறது. ஆங்கிலிக்கன், லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளிலும் தமிழ் ஊழியர்கள் உண்டு. ஒரு திங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் போதகரே நாலைந்து பேரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைக்கட்டும். புதிதாக வந்தவர் தானாக அழைக்க மாட்டார்.

ஊர்க் குடும்பத்தோடு பேசவும் நேரம் வேண்டும். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஞாயிறு இரவு அவர் களைத்துப்போய் இருப்பார். திங்கள் இரவு 9.30 என்றால் அங்கே 7 மணி, அப்பா வேலை முடிந்து வந்திருப்பார். அந்த நேரத்தில் சபையிலிருந்து யாரும் போன் செய்யக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தபித்தாள்_அங் மோ கியோ

அந்த இரண்டு தரப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர் பேச்சாலும் பழக்கத்தாலும் வேலைக்கு வந்த தம்பிகளோடு உடனே ஒட்டிக்கொள்வார். மாணவர்களோடு ஒட்ட ஒரு வருடமாவது ஆகும். இது இயல்பு என்று செயற்குழுவுக்கும் பெற்றோருக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறாம் மாதமே "எங்க பிள்ளைங்களக் கவனிக்கிறதில்ல" என்ற புகார் வரும்.

எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து வரிக்கு வரி மொழிபெயர்ப்பது இரு தரப்பையும் சலிக்கவைக்கும். சிறு குழுக்கள் தனித்தனியாக நடக்கட்டும். மாதம் ஒருமுறை சேர்ந்து சமைத்து, பாடி, சாப்பிட்டால் போதும். சேர்ந்து வேலை செய்யும்போது மொழி பெரிய தடையில்லை: ஒருவன் கீபோர்டு, இன்னொருவன் தபேலா, ஒருவன் ஒலிப்பலகை.

மாணவர்களின் நாள்காட்டி ஊரைப் போல இல்லை. செப்டம்பர் விடுமுறை முடிந்ததும் உயர்நிலை நான்கு, ஐந்து மாணவர்களும் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்காரர்களும் தேர்வுக்குள் போய்விடுவார்கள். நவம்பர் வரை வருகை சரியும். புதிதாக வந்தவர் இதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்வார். அது தேர்வுக்காலம், அவ்வளவுதான். வாலிபர் முகாமை ஜூன் விடுமுறையிலோ டிசம்பர் முதல் பாதியிலோ வையுங்கள். டிசம்பர் கடைசியில் கீதபவனி, குடும்பப் பயணம் என்று யாரும் கிடைக்க மாட்டார்கள்.

தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை போன்றது) இருக்கும் பையன்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியின் தொடக்கத்தில் வெளியே விடவே மாட்டார்கள். பிறகு வார இறுதியில் வந்து ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்புவார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாலிபர் கூட்டம் வைத்தால் அந்த வயதுப் பையன்களை மொத்தமாக இழப்பீர்கள். ஆராதனை முடிந்த கையோடு மதியத்தில் அரை மணி நேரம் போதும். இரண்டு ஆண்டு சேவை முடித்து வரும் பையனைச் சபை மறந்திருந்தால் அவன் திரும்பி வருவது கடினம்.

அந்தோணி_கிராஞ்சி

தபித்தாள் அக்கா மாணவர்களைப் பற்றிச் சொல்லிட்டாங்க, நான் தங்குவிடுதித் தம்பிகளைப் பற்றிச் சொல்றேன். பல பேருக்குச் சனிக்கிழமையும் வேலை. ஞாயிறுதான் துணி துவைக்க, பணம் அனுப்ப, தேக்காவில் (லிட்டில் இந்தியா) சாமான் வாங்க. துவாஸ், சுங்கை காடுட் பக்கமிருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்குச் சாப்பாட்டோடு முடித்தால் வருவார்கள். சாப்பாடு வேண்டும், அது சின்ன விஷயம் இல்லை.

ஊழியரிடம் கடன் கேட்பார்கள். ஏஜெண்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாம் உண்மையான தேவைதான். ஆனாலும் சொந்தப் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாது என்று சபையே விதி போட்டுவிடுங்கள், அப்போது அவர் மறுப்பது அவர் கல்மனசாகத் தெரியாது. சபையில் உதவி நிதி வைத்து, இரண்டு மூப்பர் பார்த்துக் கொடுக்கட்டும். கடனைத் திருப்பித் தர முடியாத தம்பி முதலில் நிறுத்துவது கூட்டத்துக்கு வருவதைத்தான்.

தம்பிகளுக்குச் சம்பளம் வரவில்லை, அடிபட்டது என்றால் உங்கள் வாலிபர் ஊழியர் முதலாளியிடம் பேசப் போக வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. சம்பளக் கோரிக்கையை வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, வங்கி விவரம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூடப் போய் உட்கார்ந்திருப்பதே பெரிய ஊழியம்.

ரூத்_ஈசூன்

பிள்ளைகளோடு பழகும் எல்லைகளையும் எழுதிக் கையில் கொடுங்கள். ஊரில் அண்ணன் தம்பியாகத் தோளில் கைபோட்டு, பைக்கில் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் அன்பினால் வருவதுதான். இங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையோடு தனியாகக் காரில் போவது, மூடிய அறையில் பேசுவது இரண்டும் கூடாது. கதவில் கண்ணாடி உள்ள அறை, அல்லது காப்பிக்கடை, அல்லது மூன்றாவது ஆள் கண்ணில் படும் இடம். வாட்ஸ்அப்பில் குழுவில்தான் பேச்சு, குழுவில் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர். தானாக அழியும் செய்தி வசதியைப் பயன்படுத்தக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் தனிச் செய்தி வேண்டாம்.

முகாம் படிவத்தில் முழு அடையாள அட்டை எண்ணை வாங்காதீர்கள், 2019 செப்டம்பரிலிருந்து அதற்குக் கட்டுப்பாடு உண்டு. பெற்றோர் கையெழுத்தும் அவசர எண்ணும் ஒவ்வாமை விவரமும் போதும்.

சாம்_கிளமெண்டி

ரூத் அக்கா, 10 மணி விதி காகிதத்தில் நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் உடைந்துபோவது நள்ளிரவில்தான். "வாழப் பிடிக்கலை" என்று ஒரு செய்தி வந்தால் காலைவரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வீர்களா?

ரூத்_ஈசூன்

இல்லை தம்பி. அதற்குத் தனி வழி வைக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தச் செய்திக்கு எழுத்தில் பதில் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். எங்கே இருக்கிறாய், கூட யார் இருக்கிறார்கள், கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. பேசிக்கொண்டே இன்னொரு போனில் இரண்டாவது பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் பெற்றோரைத் தொடர்புகொள்வார். ஆபத்து உடனடியானது என்றால் 995 அல்லது 999. பேச ஆள் வேண்டும் என்றால் 1767, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 24 மணி நேரமும்.

வீட்டில் அடி, தவறான தொடுதல் என்று பிள்ளை சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு எழுதி, அன்றே போதகரிடமும் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் கொடுக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்பது பிறகு விசாரணையைக் கெடுக்கும். வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800 777 0000. குற்றம் சாட்டப்படுபவரே வீட்டில் இருந்தால் அவருக்கு முன்னறிவிப்பு கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து பிள்ளைக்குத்தான்.

செயலர்_சபை

மிகவும் நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கல்யாணம் பற்றி யாராவது? எங்கள் சபையிலேயே இரண்டு மூன்று குடும்பம் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயா_பெட்டோக்

நிச்சயம் பண்ணுவதற்கு முன்பே பெண் வீட்டாருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. எஸ் பாஸ் அல்லது இபி (உயர்திறன் ஊழியருக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவர் மனைவியைச் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். பணமாக மாதாமாதம் நிலையாகக் கொடுப்பதுதான் கணக்கு. வாலிபர் ஊழியருக்கு அது கிடைப்பது அரிது. அப்படியென்றால் மனைவிக்குச் சொந்தமாக இங்கே வேலையும் அனுமதியும் வேண்டும், அல்லது அவர் ஊரில், இவர் இங்கே. "சிங்கப்பூர் மாப்பிள்ளை" என்று கேட்டுச் சம்மதித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இது தெரியவந்தால் அது அநியாயம். பெண்ணிடமே நேரில் சொல்லச் சொல்லுங்கள், தரகர் வழியாகவோ மாமா வழியாகவோ வேண்டாம்.

சம்பளம் எட்டி மனைவி வந்துவிட்டாலும், 2021 மே முதல் சார்ந்திருப்போர் அனுமதியில் உள்ளவர் வேலை செய்யத் தனி வேலை அனுமதி தேவை. படித்த பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பார். சபை அவரை ஓய்வுநாள் பள்ளிக்கும் சமையலுக்கும் இலவச ஊழியராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரை நியமித்தால் ஒருவர்தான் ஊழியர்.

ஊரில் ஆலயத்தில் திருமணம் நடந்தால், ஆலயச் சான்றிதழோடு நிறுத்தாமல், 2009 தமிழ்நாடு சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியச் சொல்லுங்கள். அப்போஸ்தில் முத்திரைக்கு (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்பதற்கான சான்று முத்திரை) அந்தச் சான்றுதான் சுலபம். சிங்கப்பூரும் 2021 செப்டம்பரிலிருந்து அப்போஸ்தில் முறையில் இருக்கிறது.

மணி_ஜுரோங்

சபைக்குள் பெண் பார்ப்பது கூடவே கூடாது என்று விதி போட்டுவிடுங்கள்.

தபித்தாள்_அங் மோ கியோ

அது நியாயமில்லை, மணி அண்ணே. இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறிய கூட்டம், சபைக்கு வெளியே எங்கே போய்ச் சந்திப்பார்? தடை போட்டால் ரகசியமாக நடக்கும், ரகசியம்தான் கெடுக்கும். வேறு விதமாக எழுதலாம். அவர் நடத்தும் குழுவில் இருக்கும் யாரோடும் கிடையாது. அவர் பொறுப்பில் மாணவியாக இருந்தவர் வயது வந்த பிறகும் கிடையாது. முதல் ஆண்டில் யாரோடும் வேண்டாம். அதன் பிறகு, 21 வயது தாண்டிய, வேறு குழுவில் இருக்கும் ஒருவரோடு பேச விரும்பினால் முதலில் போதகரிடம் சொல்லட்டும். விசாரிக்கும் குடும்பங்களிடம் செயலரே "ஒரு வருடம் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர் வாயால் மறுத்தால் ஒவ்வொரு வீட்டோடும் ஒரு மனக்கசப்பு.

இதே வரிசையில் இன்னொன்று. வொர்க் பெர்மிட்டில் (எஸ் பாஸுக்குக் கீழ்நிலை வேலை அனுமதி) இருக்கும் தம்பிகளில் யாராவது சிங்கப்பூர்ப் பெண்ணையோ நிரந்தரவாசியையோ விரும்பினால், திருமணத்துக்கு முன் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். பெர்மிட் முடிந்துபோனவருக்கும், வெளிநாட்டில் நடக்கும் திருமணத்துக்கும் இது பொருந்தும். ஊழியருக்கு இது தெரிந்திருந்தால் ஆலோசனை சொல்லும்போது ஒரு ஜோடியைப் பெரிய இக்கட்டிலிருந்து காப்பாற்றலாம்.

சாம்_கிளமெண்டி

நட்பு வட்டத்தால் வரும் ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அவருடைய நண்பர், மாமா, கல்லூரி ஆசிரியர் யாராவது சுற்றுலா வருவார்கள். "ஐயா வந்திருக்காரே, ஞாயிறு ஒரு சின்னச் செய்தி கொடுக்கட்டும்" என்று சபையில் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. சமயக் கூட்டத்தில் பேச வரும் வெளிநாட்டவருக்குப் பல்வகை வேலை அனுமதி முன்பே எடுக்க வேண்டும், அது அதிகபட்சம் 60 நாளுக்கு. சாட்சி, வாழ்த்துரை என்று பெயர் மாற்றினாலும் காரியம் மாறாது. உங்கள் ஊழியரும் வேறு சபையில் காணிக்கை வாங்கிக்கொண்டு பேசப் போகக் கூடாது. எந்தச் சபை பெயரில் அனுமதியோ அங்கேதான் வேலை. அன்புக்காக அழைத்தால்கூட அமைச்சிடம் எழுதிக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பிரசங்கத்தில் மற்ற மதத்தை ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறுமுன்பே விட்டுவிட வேண்டும். 1990ஆம் ஆண்டின் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2022 நவம்பர் 1 முதல் இன்னும் இறுக்கமாக நடப்பில் இருக்கிறது. ஊர் நண்பர்கள் குழுவில் அவர் பகிரும் காணொளியும் இங்கே சுற்றி வரும். இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை நண்பனோடு கூட்டத்துக்கு வந்தால், 18 வயதுக்குக் கீழ் என்றால், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிய பிறகு வரட்டும்.

செயலர்_சபை

இன்னும் ஒன்று. அவர் மனம்விட்டுப் பேசும் ஆள் என்று ஒருவரை நாங்களே நியமிக்கலாமா?

ரூத்_ஈசூன்

நியமிக்காதீர்கள், வழி மட்டும் செய்துகொடுங்கள். அந்த ஆள் உங்கள் சபையில் இருக்கவே கூடாது. போதகரும் இல்லை, செயற்குழுவும் இல்லை, ஏனென்றால் அனுமதியைப் புதுப்பிப்பது அவர்கள் கையில் இருக்கிறது. வேறு சபையின் மூத்த ஊழியர் ஒருவரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், வேலை நேரத்திலேயே. என்ன பேசினார்கள் என்று செயற்குழு கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த மூத்தவர் வெளியே சொல்வார் என்று ஊழியர், மூத்தவர், செயற்குழு மூன்று தரப்புக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஜெயா_பெட்டோக்

அவர் ஒருநாள் கிளம்புவார், அதையும் இப்போதே எழுதிவையுங்கள். வேலை முடியும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு சபை ஐஆர்21 படிவத்தை வருமான வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், கொடுக்க வேண்டிய பணத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். ஆணையம் வரியைத் தீர்த்துச் சொல்லும்வரை, அதிகபட்சம் 30 நாள், கடைசிச் சம்பளம் கைக்கு வராது. வாடகை முன்பணமும் அதே வாரத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதச் செலவுக்கு ஒரு தொகையை அவர் முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள், அவர் வாயாலேயே, கூட்டத்தில். ஒவ்வொரு பிள்ளையையும் இனி யார் கவனிப்பது என்று பெயர் போட்டு ஒப்படைக்கட்டும், அந்த ஆளோடு ஒருமுறை சேர்ந்து உட்காரட்டும். போன பிறகும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பேசுவது குழுவில்தான், தனியாக இல்லை.